எல்லை தாண்டினால் சட்டம் மாறுமா?

தமிழகத்திலிருந்து தலைநகருக்கு மாற்றலாகி வரும் நம்மவர் குடும்பங்களில் வண்டி பற்றிய பேச்சு எழுந்தால் இரண்டு விதமான கருத்துகள் கிளம்பும். "ஊர் லைசென்ஸ் இங்கே செல்லாது, புதிதாக எடுக்க வேண்டும்" என்று ஒருவர் பயமுறுத்துவார். "அதெல்லாம் ஒன்றும் இல்லை, நான் பத்து வருடமாக ஊர் நம்பரிலேயே ஓட்டுகிறேன், யாரும் கேட்டதில்லை" என்று இன்னொருவர் தைரியம் சொல்வார். இரண்டுமே தவறு. முதலாமவரின் பேச்சால் வீண் அலைச்சல். இரண்டாமவரின் பேச்சால் வரக்கூடிய இழப்பு சில சமயம் ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதையும் விழுங்கிவிடும்.

எது நம்முடன் எல்லை தாண்டி வருகிறது, எது வருவதில்லை, விபத்து என்று ஒன்று நேர்ந்துவிட்டால் சட்டம் நமக்கு என்ன பாதுகாப்பு தருகிறது என்பதை அன்பர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. பிறந்த ஊர் ஓரிடம், பிழைக்கும் ஊர் வேறிடம் என்று வாழும் நமக்கு இது மற்றவர்களைவிட அதிகம் தேவைப்படுகிறது.

ஒரே சட்டம், பல கைகள்

நாடு முழுவதற்கும் மோட்டார் வாகனச் சட்டம் ஒன்றே. 1939-ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு இயற்றப்பட்ட 1988-ஆம் ஆண்டுச் சட்டம், 1989 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2019-இல் அதில் பெரிய திருத்தம் செய்யப்பட்டு, உயர்த்தப்பட்ட அபராதங்கள் அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் அமலுக்கு வந்தன.

அப்படியானால் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபாடு ஏன்? நமது அரசியல் சாசனத்தில் மோட்டார் வாகனங்கள் மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் பொதுவான பட்டியலில் உள்ளன. வாகன வரியோ மாநிலப் பட்டியலில் உள்ளது. எனவே ஒரு மாநிலத்தில் கட்டிய ஆயுள் வரி அடுத்த மாநிலத்தில் செல்லுபடியாவதில்லை. மேலும், பல குற்றங்களுக்கு நீதிமன்றம் போகாமல் அந்த இடத்திலேயே கட்டி முடித்துக்கொள்ளும் சமரசத் தொகையை நிர்ணயிக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் 200-ஆம் பிரிவு மாநிலங்களுக்கு வழங்குகிறது. தலைக்கவசம் அணியாததற்குச் சட்டம் சொல்லும் அபராதம் 1,000 ரூபாய். குஜராத் அரசு 2019 செப்டம்பரிலேயே இதை 500 ஆகக் குறைத்தது. தமிழ்நாடு 2022 அக்டோபரில் 1,000 ரூபாயையே நடைமுறைப்படுத்தியது. தொகைதான் மாறுகிறதே தவிர, குற்றம் எங்கும் குற்றமே. மூன்று மாதம் வரை லைசென்ஸை நிறுத்திவைக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

லைசென்ஸ் நம்முடன் வரும்

சட்டத்தின் 13-ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. நாட்டின் எந்த மூலையில் பெற்ற லைசென்ஸும் இந்தியா முழுவதும் செல்லும். மதுரையில் எடுத்த லைசென்ஸுடன் மயூர் விஹாரில் தாராளமாக ஓட்டலாம். பழகுநர் லைசென்ஸுக்கும் இதே விதிதான்.

கவனிக்க வேண்டியது காலாவதித் தேதியை. முப்பது வயதுக்குள் எடுத்த லைசென்ஸ் நாற்பது வயது வரை செல்லும். முப்பதிலிருந்து ஐம்பதுக்குள் எடுத்தால் பத்து ஆண்டுகள். ஐம்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் எடுத்தால் அறுபது வயது வரை. அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டுகள். முன்பு, தேதி முடிந்த பிறகும் முப்பது நாள் சலுகை இருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை எடுத்துவிட்டது. தேதி முடிந்த மறுநாளே ஓட்டுநர் லைசென்ஸ் இல்லாதவர் ஆகிவிடுகிறார். அதற்கான அபராதம் 5,000 ரூபாய். ஓராண்டுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டால் மறுபடியும் ஓட்டிக் காட்டித் தேர்வு பெற வேண்டும். தேதி முடிவதற்கு ஓராண்டு முன்பிருந்தே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம் என்பதால் கடைசி நேரம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வண்டி எண் நம்முடன் வராது

வண்டிக்கு விதி வேறு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது 47-ஆம் பிரிவு. அதற்கு முதலில் பழைய ஆர்.டி.ஓ. அலுவலகத்திலிருந்து தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். வண்டி கடனில் இருந்தால் கடன் கொடுத்தவரின் சம்மதமும் தேவை. இங்கே புதிதாக வரி கட்டியபின், ஊரில் கட்டிய வரியில் எஞ்சிய காலத்துக்கு உரிய தொகையைத் திரும்பக் கேட்டு அங்கே விண்ணப்பிக்கலாம்.

தில்லிக்கு மட்டும் இன்னொரு எச்சரிக்கை. டீசல் வண்டிக்கு 10 ஆண்டு, பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு என்ற வயது வரம்பு 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவாலும் 2018-இல் உச்ச நீதிமன்ற உத்தரவாலும் வந்தது. 2025-இலும் இந்த விஷயம் உச்ச நீதிமன்றத்தின் முன் மீண்டும் வந்தது. ஆகவே, அப்பா ஆசையாக வைத்திருந்த கார் என்று பழைய வண்டியை இங்கே கொண்டுவர நினைப்பவர்கள், அதன் வயதையும் அன்றைய விதியையும் விசாரித்த பிறகே வண்டியை ரயிலேற்ற வேண்டும்.

அடிக்கடி மாற்றலாகும் மத்திய, மாநில அரசு ஊழியர்கள், பாதுகாப்புப் படையினர், பொதுத்துறை நிறுவனத்தார், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள தனியார் நிறுவன ஊழியர்கள் ஆகியோருக்கு 2021 முதல் ஒரு வசதி உண்டு. 'பி.எச்.' என்ற எழுத்துகள் கொண்ட பாரத் வரிசை எண் பெற்றால் மாநிலம் மாறும்போது எண் மாற்ற வேண்டாம். வரியையும் இரண்டிரண்டு ஆண்டுகளாகக் கட்டலாம்.

ஊர் நம்பரிலேயே ஓட்டுபவர்கள் யோசிக்காத சங்கதி ஒன்று உண்டு. இன்று சாலைக் காமிரா பிடிக்கும் குற்றங்களுக்குச் சலான், பதிவேட்டில் உள்ள முகவரிக்கும் கைபேசி எண்ணுக்கும் போகிறது. இங்கே சிவப்பு விளக்கைத் தாண்டியதற்கான தாக்கீது கும்பகோணத்து வீட்டு வாசலில் போய் விழும். கட்டாத சலான் நீதிமன்றம் வரை போய், பிறகு வண்டி சம்பந்தமான ஒவ்வொரு வேலைக்கும் குறுக்கே நிற்கும்.

விற்ற வண்டி துரத்தி வரும்

ஓய்வு பெற்று ஊர் திரும்பும்போது, ஸ்கூட்டரைக் கிடைத்த விலைக்கு அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு ரயிலேறுவது நம்மவர் வழக்கம். இரண்டு காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு விஷயம் முடிந்தது என்று எண்ணுகிறோம். முடிவதில்லை. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறியிருக்கிறது. வாங்கியவர் பெயரை மாற்றாமல், இன்ஷூரன்ஸும் கட்டாமல் ஓட்டி ஒருவர் மீது மோதினால், நஷ்டஈடு கேட்டு வரும் நோட்டீஸ் ஸ்ரீரங்கத்தில் பென்ஷன் வாங்கிக்கொண்டிருப்பவருக்கு வரும்.

ஆகவே படிவம் 29-ஐயும் 30-ஐயும் நிரப்பிக் கொடுப்பதோடு நில்லாமல், விற்ற 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு நீங்களே தெரிவித்துவிடுங்கள். பதிவேட்டில் பெயர் மாறியதை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு நிம்மதியாக ஊருக்குப் புறப்படலாம்.

தலைக்கு வந்தது

'தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று' என்பது நம் பழமொழி. தலைக்கவசத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளம்பரம் கிடையாது. மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் நாடெங்கும் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். நாளொன்றுக்குச் சராசரியாக 460 பேருக்கு மேல். அவர்களில் தலைக்கவசம் அணியாமல் சென்று இறந்தவர்கள் 50,029 பேர். இவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து சென்றவர்கள். விபத்து எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம், 64,105 விபத்துகளுடன் நம் தமிழ்நாட்டுக்கு. பெருமைப்பட இயலாத முதலிடம்.

பின்னால் அமரும் பெண்மணிகளுக்குத் தலைக்கவசம் தேவையில்லை என்ற எண்ணம் தில்லியில் வெகுகாலம் இருந்தது. 2014-இல்தான் இங்கு பெண்களுக்கும் அது கட்டாயமாயிற்று. சீக்கியப் பெண்களுக்கு மட்டும் விலக்கு. இன்று சட்டப்படி நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் அது உண்டு. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தையை ஓட்டுநருடன் இணைக்கும் பட்டையும் சிறு தலைக்கவசமும் அணிவித்து, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் அழைத்துச் செல்ல வேண்டும் என்கிறது 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதி. தலைக்கவசம் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். நடைபாதையில் மலிவாகக் கிடைக்கும் தொப்பி, போலீஸ்காரரின் கண்ணுக்கு வேண்டுமானால் தலைக்கவசமாகத் தெரியலாம். தார்ச்சாலைக்கு அது தெரியாது. நாடாவை மாட்டாமல் அணிந்தாலும் அணியாததற்குச் சமமே.

காரிலும் இதே கதைதான். சீட் பெல்ட் முன்னிருக்கைக்காரர்களின் கவலை என்று நினைக்கிறோம். 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது அவர் அமர்ந்திருந்தது பின்னிருக்கையில். பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று போலீஸார் தெரிவித்தனர். விலையுயர்ந்த கார், முன்னால் காற்றுப் பை எல்லாம் இருந்தன. மோதலின்போது கார் நின்றுவிடும். உள்ளே இருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னால் பாயும். அதைப் பிடித்து நிறுத்த பெல்ட்டைத் தவிர வேறெதுவும் கிடையாது. பின்னிருக்கையில் பெல்ட் அணிவது விதியில் உள்ளதே. மடியில் வைத்த குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்திவிடலாம் என்று எந்தத் தாயும் நம்ப வேண்டாம். எத்தனை பலசாலியாலும் அது முடியாது.

பிளஸ் டூ பரிசு

நல்ல மதிப்பெண் வாங்கினால் ஸ்கூட்டர் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுப்பது சகஜமாகிவிட்டது. 'கியர் இல்லாத வண்டிதானே, பதினாறு வயதிலேயே ஓட்டலாம்' என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. சட்டம் பதினாறு வயதில் அனுமதிப்பது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டியை. இன்று கடைகளில் காணும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் 100 சி.சி.க்கும் அதிகம். அவற்றுக்குப் பதினெட்டு வயது நிரம்ப வேண்டும்.

2019-இல் சேர்க்கப்பட்ட 199-ஏ பிரிவு மிகக் கடுமையானது. சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை லைசென்ஸ் கிடையாது. லீவுக்கு வந்த அக்கா பையன் 'ஒரு ரவுண்டு' கேட்டாலும் சாவியைக் கொடுக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடமிருந்து அதை வசூல் செய்துகொள்ளும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுவதுண்டு. ஒரு ரவுண்டின் விலை வீட்டுப் பத்திரமாக முடியலாம்.

ஊரில் பார்க்காத பனி

சமவெளித் தமிழகத்தில் வண்டி ஓட்டிப் பழகிய நமக்கு வடநாட்டு மூடுபனி புதிது. டிசம்பர், ஜனவரியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத காலை வேளைகள் வரும். அப்போது முன்விளக்கை உயர்த்திப் போட்டால் ஒளி பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். விளக்கைத் தாழ்த்தி வைக்க வேண்டும். பனிவிளக்கு இருந்தால் அதைப் போட வேண்டும். சாலையின் இடது ஓரத்து வெள்ளைக் கோடு நல்ல வழிகாட்டி. முன்னே போகும் லாரியின் சிவப்பு விளக்கை ஒட்டிக்கொண்டு போவது ஆபத்து. நிற்க நேர்ந்தால் சாலையை விட்டு முழுதாக விலகி நின்று, நான்கு விளக்குகளையும் மினுக்க விடுங்கள். ஓடும்போது அவற்றை மினுக்கினால், நாம் திரும்பப் போகிறோமா நிற்கிறோமா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது.

ஊரிலிருந்து உறவினர் வந்தால் ஆக்ராவுக்கு அழைத்துப் போகும் யமுனா விரைவுச் சாலையில் காருக்கு வேக வரம்பு 100 கிலோமீட்டர். குளிர்காலத்தில் அது 75 ஆகக் குறைக்கப்படுவது வழக்கம். தாஜ்மகால் மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே நிற்கிறது. அரைமணி தாமதமாகப் போனாலும் நின்றுகொண்டுதான் இருக்கும்.

விபத்து நடந்துவிட்டால்

இந்தப் பகுதியை அன்பர்கள் கத்தரித்து வைத்துக்கொள்ளலாம்.

முதலில், உதவப் பயப்பட வேண்டாம். அடிபட்டவரைத் தூக்கினால் கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்ற பயத்தால் எத்தனையோ உயிர்கள் சாலையோரத்தில் போயிருக்கின்றன. 2016-இல் உச்ச நீதிமன்றம் இதற்கு வழிமுறைகளை உறுதி செய்தது. பின்னர் 134-ஏ பிரிவாகச் சட்டத்திலேயே அது சேர்ந்தது. உதவியவரைப் பெயர் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது. ஆஸ்பத்திரியில் நிறுத்திவைக்கவோ பணம் கட்டச் சொல்லவோ கூடாது. அழைக்க வேண்டிய எண் 112.

இரண்டாவது, சிகிச்சை. 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டப்படி, விபத்தில் காயமுற்றவர் குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளில் ஏழு நாட்கள் வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குப் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். ஊருக்குப் போன இடத்தில் விபத்து நேர்ந்தால், தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் இருக்கிறது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை அதில் இலவசம். தமிழகத்தில் ரேஷன் கார்டு இல்லையே என்று தயங்க வேண்டாம். எந்த மாநிலத்தவருக்கும் அது உண்டு.

மூன்றாவது, நஷ்டஈடு. நம்மைப் போன்றோர் ஏமாறுவது இங்கேதான். கோடை விடுமுறைக்குப் போன குடும்பத்தலைவர் விழுப்புரம் பக்கம் விபத்தில் இறந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் மனைவி இரண்டு பிள்ளைகளுடன் தில்லியில் இருந்துகொண்டு விழுப்புரம் நீதிமன்றத்துக்கு நடையாய் நடக்க முடியுமா? அங்கே ஒரு தரகர், இங்கே ஒரு தரகர் என்று கைமாறி, கடைசியில் கிடைத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுவதுதான் பல குடும்பங்களின் கதி. உண்மையில் சட்டத்தின் 166-ஆம் பிரிவு அவருக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. விபத்து நடந்த இடத்தில் மட்டுமல்ல, மனுதாரர் வசிக்கும் இடத்திலுள்ள மோட்டார் விபத்து நஷ்டஈட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம். தில்லியில் வசிப்பவர் தில்லியிலேயே வழக்கை நடத்தலாம்.

ஆனால் கெடு உண்டு. 2022 ஏப்ரல் 1 முதல், விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. இந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் நடந்திருக்கின்றன. அவற்றை நம்பிக் காத்திருக்காமல், துக்கத்துக்கு நடுவிலும் யாராவது ஓர் உறவினர் இதைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, மோதிய வண்டியின் எண், அதன் இன்ஷூரன்ஸ் விவரம், இறந்தவரின் வருமானச் சான்று ஆகியவற்றைச் சேகரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் போனாலும் கைவிட வேண்டாம். அத்தகைய விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சமும் பலத்த காயமடைந்தவருக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தில் வழங்கப்படுகின்றன.

தம் வண்டியைத் தாமே ஓட்டி இறந்தவர் குடும்பத்துக்கும் ஒரு வழி உண்டு. இன்ஷூரன்ஸ் பாலிசியில் உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பு 15 லட்சம் ரூபாய். அது இருப்பதே பல வீடுகளில் தெரிவதில்லை. அது கிடைக்க, ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்திருக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்ட லைசென்ஸ் எங்கே வந்து கடிக்கிறது பாருங்கள்!

இன்றே செய்யக் கூடியது

இதைப் படித்து முடித்ததும் பீரோவைத் திறந்து நான்கு காகிதங்களை எடுத்துப் பாருங்கள். லைசென்ஸ், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று. எது எப்போது முடிகிறது என்று சமையலறை நாள்காட்டியில் குறித்துவிடுங்கள். ஆர்.சி.யில் இருப்பது இன்றைய முகவரியா, பாலிசியில் தனிநபர் காப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அந்தக் காகிதங்கள் இருக்கும் இடத்தை வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். குடும்பத் தலைவருக்கு மட்டும் தெரிந்த காகிதம், தேவைப்படும் நாளில் யாருக்கும் கிடைப்பதில்லை.

காவலரைக் கண்டதும் பெல்ட்டை இழுத்து மாட்டும் பழக்கம் எல்லா மாநிலத்தவருக்கும் பொது. காவலர் இல்லாத தெருவில், கடை வரைக்குமான ஐந்து நிமிடப் பயணத்திலும் மாட்டுகிறவரின் வீட்டார் சற்று நிம்மதியாக இருக்கலாம். நம் சங்கத்துக் குடும்பங்கள் அந்த வழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளட்டும்.